காலருக்குள் விழுந்த கோக்கா

கழுத்தில் நெருப்பு விழுந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்திருந்தேன். கையில் கிளப்பின் பழைய ரைபிள். எதிரே, கடலோர மணல்மேட்டுக்கு முன்னால் நட்டிருந்த இலக்குப் பலகை. விரல் விசையைப் பாதி அழுத்திவிட்டிருந்தது.

என் இடப்பக்கம் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒரு சிப்பாய். அவருடைய ரைபிள் தானாகவே காலிக் கூட்டை வெளியே துப்பும் ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பித்தளைக் கூடு, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, வலப்பக்கமாகப் பறந்து வந்து விழும். ராணுவத்தில் அதற்குக் கோக்கா என்று பெயர். அன்று அதில் ஒன்று என் கழுத்தில் பட்டு, அப்பாவுடைய பழைய ஹார்பர் கோட்டின் அகலமான காலருக்குள் புகுந்து, நெஞ்சுப் பக்கம் சறுக்கி, உள்ளாடைக்குள் போய்த் தங்கிவிட்டது.

துள்ளி எழுந்து உதறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குண்டு நிரப்பிய ரைபிளோடு யாரும் நடுவில் எழக்கூடாது. அது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். ஒரு பொம்பளை பாதியில் கத்திக்கொண்டு எழுந்தாள் என்று அந்த முகாமில் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர்களுக்குத் தருவதாக நான் இல்லை. என் வீம்பு இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குப் புதிதல்ல.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சக் குண்டுகளையும் சுட்டேன். அவை எங்கே போயின என்று கேட்காதீர்கள். ஒன்று பலகையின் கால்கட்டையில் இருந்தது.

சுடச் சொல்லிக்கொடுத்தவர்கள்

இராயபுரத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுத் துப்பாக்கி சுடப் போகும் ஒரு கத்தோலிக்கப் பெண் எப்படி உருவானாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் துப்பாக்கியோடு சம்பந்தம் கிடையாது. அப்பா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து சரக்கு இறக்கி இறக்கியே அவருக்குத் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நான் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்கு. முதல் முறை சுடச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். நடுவட்டத்தில் ஓட்டை விழுந்திருந்த குறிப்பலகையைக் கொண்டுவந்து காட்டிய ஹவில்தார், "கண்ணைத் திறந்து சுட்டால் என்ன ஆகுமோ!" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆக, எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததே ராணுவம்தான். படுக்கும் விதம், மூச்சு விடும் விதம், விசையை எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி மெதுவாக அழுத்தும் விதம் எல்லாமே அவர்கள் போட்ட பிச்சை. கல்லூரி முடிந்ததும், "சரி, போய் வா" என்றார்கள். கற்றுக்கொண்டதை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை.

ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை கிடைத்த பிறகு, கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாக எங்கள் பக்கத்து ரைபிள் கிளப்பைக் கண்டுபிடித்தேன். அதன் செயலாளர் கோதண்டம் அண்ணன். கல்மண்டபத்துக்காரர். கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க். மெலிந்த உடம்பு, காதோரம் பென்சில். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சுடத் தெரியும்ன்ற. கண்ண தொறந்துகினா, மூடிகினா?" என்றார். அந்தக் கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இரவல் மணல்

கிளப்புக்கு ரைபிள் உண்டு, லைசென்ஸ் உண்டு. பெரிய ரைபிளைச் சுட இடம்தான் கிடையாது. எண்ணூரைத் தாண்டி நெட்டுக்குப்பம் பக்கம், கழிமுகத்தை ஒட்டிய மணலில் ராணுவத்தின் ரேஞ்ச் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு வேலை இல்லாத நேரத்தில், நாங்கள் சுட்டுக்கொள்ளலாம் என்று எப்போதோ ஒரு பெரிய அதிகாரி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் கிளப் உயிரோடு இருந்தது.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மூக்கில் வாசம் ஏறுகிறது. விடியும்போது கிளப் வேன் கிளம்பும். காசிமேட்டு மீன் வாடை, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளின் அமிலக் காட்டம், அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பல், கடைசியில் உப்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவோம். மடியில் ரொட்டிப் பொட்டலம். ரேஞ்சில் இறங்கியதும் துப்பாக்கி எண்ணெய் வாசம். அதற்கு மேல் எனக்கு ஒரு செண்ட்டும் வேண்டியிருந்ததில்லை.

ஆனால் நாங்கள் அங்கே வேண்டாத விருந்தாளிகள். அவர்கள் சுட்டு முடிக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும். சில நாள் மதியம்வரை நிறுத்திவிட்டு, "இன்று இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். "சிவிலியன்" என்ற சொல்லை அவர்கள் சொல்கிற விதமே தனி. செருப்பில் ஒட்டியதைப் பார்த்துச் சொல்வது போல இருக்கும்.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குண்டு திசை தப்பினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒரு காலிக் கூடு குறைந்தால்கூட விசாரணை வரும். எங்களில் சிலரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புது ஷூ போட்டுக்கொண்டு வந்து சிப்பாய்க்கே பாடம் எடுக்கும் ஆட்கள் கிளப்பில் உண்டு.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோதண்டம் அண்ணன் மத்தளம் மாதிரி அடி வாங்கினார். அதிகாரிகளின் மெஸ்ஸுக்கு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போவார். அவர்கள் ஜோக் சொன்னால், புரிவதற்கு முன்பே சிரிப்பார். எங்களிடம் வேனிலேயே சொல்லிவிடுவார்: "அல்லாரும் வாய மூடிகினு இருங்க. இன்னா சொன்னாலும் எஸ் சார். ரேஞ்சு பூடுச்சுனா அப்பால கேரம் போர்டுதான்."

எனக்கு அது பிடிக்காது. "ஏன் அண்ணே இப்படிக் குழையறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "உனுக்கு இன்னாம்மா, நீ நேத்து வந்தவ" என்பார். அவர் ரைபிளோடு படுத்துவிட்டால் அந்தக் குழைவெல்லாம் காணாமல் போய்விடும். தூரத்து இலக்கில் அவரை அடிக்க எங்களில் ஆள் கிடையாது. அந்த வருஷம் மாநில அணியில் அவருக்கு இடம் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. பயிற்சிக்கு இருந்தது அந்த ஒரு மணல்தான்.

ஒன்று குறைகிறது

அன்றைக்குச் சிப்பாய்கள் சுட்டு முடிக்க நேரமாகிவிட்டது. அவர்களுடைய வரிசையிலேயே கடைசி இரண்டு இடங்களை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் நான் அந்தச் சிப்பாய்க்கு வலப்பக்கம் படுக்க நேர்ந்தது.

சுட்டு முடிந்ததும் விசில் ஊதினார்கள். சிப்பாய்கள் மணலில் உட்கார்ந்து கூடுகளைப் பொறுக்கித் தகரப் பெட்டியில் போட்டார்கள். அவர்களை மேய்த்தவர் ஒரு சுபேதார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர், எஃகுக் குரல். எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு கோக்கா குறையுது. யாரும் நின்ன இடத்தை விட்டு நகரக்கூடாது."

எல்லோரும் மண்டியிட்டு மணலைச் சலிக்க ஆரம்பித்தார்கள். நான் கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கோதண்டம் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, அது என்கிட்டதான் இருக்கு. உள்ள விழுந்துடுச்சு."

"உள்ளன்னா?"

"உள்ளதான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆண்கள். மறைவுக்கு ஒரு சுவர் கிடையாது. அந்த ரேஞ்சைக் கட்டியவர்களுக்குப் பெண் என்று ஒரு பிறவி இருப்பதே நினைவில் இல்லை. அவசரத்துக்குச் சவுக்குத் தோப்புதான், அதுவும் முகாம் வேலிக்குப் பக்கத்தில். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவேன்.

கோதண்டம் அண்ணன் சுபேதாரிடம் போனார். "சார், கோக்கா கெடச்சிடுச்சு சார்."

"எங்கே?"

"லேடீஸ்கிட்ட சார்."

"லேடீஸ்கிட்டன்னா? எடுத்து வச்சிருக்காங்களா?"

"எடுத்துலாம் இல்ல சார். அதுவா போயி... அது ஒரு மாதிரி எடம் சார்."

இந்த நேரத்தில்கூட எனக்குச் சிரிப்பு வந்தது. சுபேதாருக்கு வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் திருடி. "உங்க ஆளுங்க ஞாபகார்த்தமா கோக்கா எடுத்துட்டுப் போறது எனக்குத் தெரியாதா? கேம்புக்கு நடங்க. அங்கே பார்த்துக்கலாம்" என்றார். அதற்குள் கேப்டனும் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். சின்ன வயசு வடநாட்டுக்காரர். எங்களை எப்போது கழற்றிவிடலாம் என்று காத்திருந்தவர் என்று பேச்சு.

நெஞ்சு எரிந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முகாமுக்கு நடந்து, நாலு ஆண்கள் இருக்கும் ஓர் அறை வாசலில் நின்று, பிறகு என்ன செய்யச் சொல்வார்கள்? நான் நகரவில்லை.

எல்லம்மா

ரேஞ்சில் சுடும்போது சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள். கொடி இறங்கும்வரை அந்தக் கரையில் யாரும் நடக்கக்கூடாது. நெட்டுக்குப்பத்துப் பெண்கள் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். நீர் வற்றும்போது மட்டும்தான் அந்த வேலை ஓடும். நாங்களும் ராணுவமும் சுட்டுத் தீர்க்கிறவரை அவர்கள் கூடையோடு காவல் எல்லைக்கு வெளியே குந்தியிருப்பார்கள். எங்கள் சண்டையில் அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அன்று சத்தம் நின்றும் கொடி இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, நாலைந்து பெண்கள் காவலுக்கு நின்ற சிப்பாயைத் தாண்டி நேராக வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் எல்லம்மா. அகலமான தோள், வாயில் வெற்றிலை.

"இன்னா நைனா, கொடிய எறக்குவியா மாட்டியா? தண்ணி ஏறிகினு கீது. எங்க பொழப்ப யாரு பாப்பா?"

சுபேதார் தடுத்தார். அவள் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, பக்கத்தில் வந்தாள். "இன்னாம்மா ஆச்சு?"

காதில் சொன்னேன்.

அடுத்து நடந்ததற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "ஏய், வாங்கடி" என்றாள். பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். முந்தானைகளை விரித்துப் பிடித்து ஒரு சுவர் கட்டினார்கள். இறால் வாடை, உப்பு, வெற்றிலை. எல்லம்மாவே கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். சேறு காய்ந்த விரலால் கூட்டை மெதுவாக நெம்பி எடுத்தாள். கூடவே தோலும் கொஞ்சம் வந்தது. அப்போதுதான் நான் அழுதேன். "தோ ஆயிடுச்சு, தோ ஆயிடுச்சு கண்ணு" என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் யார் யாரோ தேற்றியிருக்கிறார்கள். அந்தத் தோளை மறக்க முடியவில்லை.

பிறகு கூட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சுபேதாரிடம் போனாள்.

"இந்தா. இந்த ஓட்டாஞ்சல்லிக்கா இத்தினி பேஜாரு? பொண்ணு நெஞ்சில நெருப்ப வச்சிட்டு, அதுகிட்டயே திருடினியாடினு கேக்கற. உன் வூட்ல பொம்பளைங்களே கெடியாதா?"

சுபேதார் அவளைப் பார்க்காமல் கையை நீட்டினார். கூட்டை வாங்கித் தகரப் பெட்டியில் போட்டு, "எல்லாம் சரி" என்று கேப்டனுக்கு சல்யூட் அடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கொடி இறங்கியது. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

எஸ் சார்

கேப்டன் கோதண்டம் அண்ணனைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினார். கத்தவில்லை, நல்ல மரியாதையாகவே பேசினார். நடந்ததற்கு வருந்துகிறாராம். அடுத்த வாரத்திலிருந்து கிளப்பிலிருந்து பெண்கள் வர வேண்டாமாம். அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தானாம். மற்றவர்கள் வழக்கம்போல வரலாமாம்.

எங்கள் ஆட்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை பார்த்த கேசவன் என்பவர் மட்டும், நியாயம்தானே என்பது போலத் தலையாட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேன் வரும், நான் இருக்க மாட்டேன். கோதண்டம் அண்ணன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். வேறு சொல்லை அவர் அங்கே சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்போ நாங்களும் வரல சார்" என்றார்.

கேப்டனுக்குத் தமிழ் புரியவில்லை. சுபேதாருக்குப் புரிந்தது. அண்ணன் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, நன்றியும் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள், மறுபடி இந்த இடம் கிடைக்காது என்றார் கேப்டன். தெரியும் என்றார் அண்ணன். பிறகு நடந்து போய், தானே அடித்துச் செய்த இலக்குப் பலகைகளை மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். "நீ வெயிட்டு தூக்காத, புண்ணு" என்று தள்ளிவிட்டார்.

வேன் கிளம்பும்போது, என் பக்கத்தில் படுத்துச் சுட்ட சிப்பாய் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு களிம்பு ட்யூபை என் மடியில் போட்டார். இந்தியில் ஏதோ சொன்னார். தங்கச்சி என்ற அர்த்தம் வரும் சொல் மட்டும் புரிந்தது. ராணுவத்தைத் திட்டும்போதெல்லாம் அந்த முகம் நினைவுக்கு வந்து என்னைப் பாதியில் நிறுத்திவிடும்.

வேன் திருவொற்றியூரைத் தொட்டது. அப்புறம் கேசவன் வெடித்தார். "யாரைக் கேட்டு முடிவெடுத்தீங்க? ஒரு ஆளுக்காக மொத்த கிளப்பையும் காலி பண்ணிட்டீங்களே!" ஒரு ஆள் என்று என்னைச் சொன்னார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கிளப்பில் பாதிப் பேர் வரவில்லை.

மிச்சமிருந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து ஏர் ரைபிள் சுட்டோம். அதை அண்ணன் கொசு அடிக்கிற துப்பாக்கி என்பார். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து கதவைத் திறந்து வைப்பார். பெரிய ரைபிளுக்குப் பயிற்சி இல்லாமல், அந்த வருஷ அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு வயசும் ஏறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் தூரத்து இலக்கை ஒரு முறைகூடச் சுடவில்லை.

இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கப் பயம். உன்னால்தான் என்று சொல்லிவிட்டால்?

கல்மண்டபத்தில்

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். முட்டி சரியில்லை, படி இறங்குவதில்லை. கீழே லாரிகள் ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு போயின. அண்ணி கேழ்வரகு பிஸ்கட் வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சர்க்கரைக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த அத்தியாயத்தை எழுதப் போவதாகச் சொன்னேன். சொன்ன வேகத்தில் கேட்டும்விட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? எனக்காகவா?"

அவர் பல் இல்லாத வாயால் சிரித்தார்.

"உனுக்காண்டினு நெனச்சிகினியா? நானும் எஸ் சார்னுதான் சொல்ல வந்தேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"அப்புறம்?"

"நீ கோட்ட ரெண்டு கைல தூக்கிப் புடிச்சிகினு நின்ன பாரு, அது கண்ல பட்டுச்சு. அடுத்த ஞாயித்திக்கெழம அதே மண்ல நான் படுக்கணும். அந்தப் பக்கம் நீ படுத்த எடம் காலியா கீது. அத வச்சிகினு எப்டிம்மா சுடறது? கை ஆடும். கை ஆடிச்சின்னா ரேஞ்சு இருந்தா இன்னா, பூடுச்சுனா இன்னா?"

 அண்ணி காபி கொண்டுவந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"துன்னு" என்றார். "நான் அதுக்கப்பறம் கை ஆடாமதான் கீறேன்."